பெண் பூச்சி பற்றிய பகுதி

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. என் உடம்பில் புதிதாக எந்தக் கோளாறும் இல்லை; பழையவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. காது மட்டும் முன்னைவிட மோசம். டெலிபோனைக் காதில் வைத்தால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி இரைச்சல்தான் வருகிறது. ஆகவே கூப்பிடாதே, எழுது. நீயும் உன் வீட்டுக்காரரும் நலமா என்று கேட்பது முறை. நீ நலமா என்று கேட்கிறேன். உன் வீட்டுக்காரரைப் பற்றி விசாரிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

நவம்பரில் உன் வீட்டு பால்கனியில் நான் உட்கார்ந்திருந்தபோது டம்ளர் விளிம்பில் இரண்டு பூச்சிகள் வந்து உட்கார்ந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? நீ தூசி என்றாய். உன் வீட்டுக்காரர் கீழ்வீட்டு டீச்சர் காதில் விழும்படி, "ரிட்டயர் ஆயிட்டா மச்சான் தூசியக்கூட விட மாட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். மறுநாள் காலை நான் பெட்டியைக் கட்டியது அதற்காகத்தான். தலைவலி என்று சொன்னது பொய்.

அது தூசி இல்லை. இதுவரை யாரும் எழுதி வைக்காத பூச்சி.

நீளம் கடுகில் பாதிகூட இல்லை. ஒன்றைப் பொட்டாஷ் கரைசலில் சூடாக்கி, சாயம் ஏற்றி, ஸ்லைடில் பிசின் வைத்து மூடினேன். மற்றொன்றைப் பாட்டிலில் அப்படியே வைத்திருக்கிறேன். சிறகு ஒரு ஜோடிதான். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துக்கொரு குச்சியும் அதன் நுனியில் ஒரு கொக்கியும். அந்தக் கொக்கி முன்சிறகின் மடிப்பில் மாட்டிக்கொள்கிறது. உன் கடையில் அட்டையில் குத்தி விற்கிறாயே, அதே துணிக்கொக்கிதான். உணர்கொம்பில் ஒன்பது துண்டு. இந்தக் குடும்பத்தில் மற்றவற்றுக்குப் பத்து. வாலில் இரண்டு மெழுகு இழைகள், உடம்பைவிட நீளம். தலையின் மேல் இரண்டு கண். தலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் வாய் இருக்க வேண்டிய இடத்தில் வாய் இல்லை. அங்கே இன்னும் இரண்டு கண்கள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. இது ஆண். சிறகு வந்த பிறகு எதுவும் சாப்பிடாது. ஒரு நாளோ இரண்டு நாளோ பறந்து பெண்ணைத் தேடிவிட்டுச் செத்துப்போகும்.

பூச்சிக் காப்பகத்துக்கு எழுதினேன். என் பழைய கடிதங்களுக்கெல்லாம் "ஆர்வலருக்கு நன்றி" என்று ஒற்றை வரியில் பதில் போட்டவர்கள். நாய்க்குட்டியின் தலையைத் தடவி அனுப்புவது மாதிரி. இந்த முறை அங்கே இருக்கும் ஆய்வாளர் அம்மாள் முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். இந்த வகைச் செதில் பூச்சிகளில் பெண்ணை வைத்துத்தான் இனத்தை நிர்ணயிப்பார்களாம். ஆணை மட்டும் வைத்து ஏற்க முடியாதாம். நான்கு பக்கம் எதிர்வாதம் எழுதினேன். பணிவாக அதே வரியைத் திருப்பி எழுதிவிட்டார். பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொல்வது சரிதான். அதை அவருக்குத் தெரிவிக்கவில்லை.

பெண்ணுக்குச் சிறகு இல்லை, கண் இல்லை, கால் பெரும்பாலும் இல்லை. உமித் துணுக்கு மாதிரி ஓர் ஓட்டுக்குக் கீழே, வாயைக் கிளைக்குள் குத்தி, ஆயுள் முழுக்க ஒரே இடத்தில் இருக்கும். உன் பால்கனியில் செடி என்று இருப்பது அந்த எலுமிச்சைத் தொட்டி ஒன்றுதான். அதில் தேடு. கிடைத்தால் ஊசியால் பெயர்த்து, இதோடு வரும் பாட்டிலில் போட்டு, தபாலில் அனுப்பு.

ஆஸ்பத்திரி லேபில் ஆயுள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்தேன். பூச்சிகளை நானாகப் படித்தேன், யாரும் சொல்லித்தரவில்லை. கண் பார்வை இருக்கும்போதே ஒரு பூச்சியாவது என் எழுத்தில் அச்சில் வர வேண்டும். அது உன் கையில் இருக்கிறது.

உன் அண்ணன்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதமும் பாட்டிலும் உடையாமல் வந்தன. உன் காதுக்காக என்னால் ஆனது, கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். நீ விசாரிக்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன், இவர் நலம். லிஃப்ட் எங்காவது நடுவழியில் நின்றால் இன்னும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

எனக்குப் போன மாதத்திலிருந்து தொண்டை கட்டிக்கொண்டு குரல் சரியாக வரவில்லை. முதலில் கடையில் பொத்தான் டப்பாக்களைத் தட்டும்போது பறக்கிற தூசி என்று நினைத்தேன். டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, சதையில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். உன்னை மாதிரி யாராவது ஒருவர் அதை ஸ்லைடில் வைத்து இப்போது பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். ஆணுக்கு வாய் இல்லை, பெண்ணுக்கு வாயைத் தவிர வேறொன்றும் இல்லை என்றதும், "இதுல புதுசா கண்டுபிடிக்க என்ன இருக்கு? நம்ம வீட்டப் பாத்தே எழுதியிருக்கலாமே" என்கிறார். கல்யாணமானதிலிருந்து இவர் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. உனக்குக் கோபம் வரும். எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் இருமல் வந்து, அப்புறம் இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

செடியைப் பார்க்கிறேன். ஆனால் எனக்கு உமியும் பூச்சியும் ஒன்றுதான். நீயே வந்து பார்த்தால் என்ன? அவர் சொன்னது கேலிக்கு. டீச்சர் அதை அன்றைக்கே மறந்திருப்பார்கள். நீ உட்கார்ந்த நாற்காலி பால்கனியில் அப்படியே கிடக்கிறது. வா அண்ணா. நாலு நாள் இருந்துவிட்டுப் போ.

உடம்பைப் பார்த்துக்கொள். பசித்தால் சாப்பிடு, மைக்ராஸ்கோப்பை மூடிவிட்டுச் சாப்பிடு.

உன் தங்கை

பிப்ரவரி 13

அன்புள்ள தங்கைக்கு,

நலம். தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. சதை எடுத்து அனுப்பினார்கள் என்று கலவரப்படாதே. லேபுக்கு அப்படி வருவதில் பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இருக்காது. இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

நான் வரமாட்டேன். கேலி என்று நீ சொல்கிறாய். என்னைக் கேலி செய்கிறவர்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள். லேபில் எனக்கு மேலே இருந்த டாக்டரும் கேலிக்குத்தான் என்னை "லென்ஸ்" என்று கூப்பிட்டார். அது கடைசி நாள் பிரிவுபசார மாலையில்கூடத் தொங்கியது. உன் வீட்டுக்காரர் அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டால் யோசிக்கிறேன்.

காலை வெளிச்சத்தில் பார். இலையில் தேடாதே, கிளையும் கிளையும் பிரிகிற கவட்டில் தேடு. உமியா பூச்சியா என்று தெரிய, ஊசி நுனியால் மெல்ல அழுத்து. ஈரம் கசிந்தால் பூச்சி. கடையில் நூல் எண் பார்க்கிற லென்ஸ் வைத்திருக்கிறாய் அல்லவா, அது போதும். பார்த்ததை மட்டும் எழுது. பார்க்காததை எழுதாதே. இந்தத் தொழிலுக்கு அது ஒன்றுதான் சட்டம்.

மாதக் கடைசிக்குள் எதிர்பார்க்கிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 29

தங்கைக்கு,

பிழைத்துக் கிடக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வரும் என்ற நம்பிக்கை போய்விட்டது.

ஒரு செடியைப் பார்க்க இத்தனை வாரமா? எலுமிச்சைத் தொட்டி உன் கட்டிலிலிருந்து பத்தடி தூரம். காப்பகத்து அம்மாள் ஆண்டுக் கடைசி இதழில் இடம் வைத்திருப்பதாக எழுதிவிட்டார். எனக்காக இதுவரை யாரும் எதிலும் இடம் வைத்ததில்லை. நீ பொத்தான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். முடியாது என்றால் முடியாது என்று ஒரு கார்டு போடு. மௌனமாக இருப்பது உன் வீட்டுக்காரரிடம் கற்றுக்கொண்ட பழக்கமாக இருக்கும்.

அண்ணன்

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம் தணிந்து நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாகப் போவதற்கு மன்னித்துக்கொள். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நடுவில் சில வாரம் நாங்கள் வீட்டில் இல்லை. வேறு இடத்தில் தங்க வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு சுவர், அதில் இன்னொரு ஜன்னல். இப்போது வந்துவிட்டோம். கடையைப் பக்கத்து டெய்லர் பார்த்துக்கொள்கிறாள். எனக்குச் சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. அதை இவர்தான் கவனிக்கிறார். லிஃப்டுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி அவ்வளவு கவனம்.

உன் பெண் கிடைத்துவிட்டது.

நீ சொன்ன மாதிரியே, ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வெளிறி, மெலிந்துபோய். வாயால் எதுவும் இல்லை. சாப்பாடு ஒரு மெல்லிய குழலால் போகிறது. அந்தக் குழல் நீளமானது, மீதியை வெளியே சுருட்டி வைத்திருக்கிறது. மூச்சு விடுவது கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கிற ஒரு வட்டத் துளையால். துளையைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு, பொத்தான் வைத்துத் தைத்த மாதிரி. விளிம்பின் இரண்டு பக்கத்திலிருந்தும் நாடா மாதிரி ஒன்று கழுத்தைச் சுற்றிப் பின்னால் போகிறது. கீழே குறுக்காக ஒரு கோடு, ஒட்டுப்போட்ட தையல்போல.

பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

இதைத் தபாலில் அனுப்ப முடியாது அண்ணா. பெயர்த்தால் செத்துப்போகும். நீ வந்து, உன் கண்ணால் பார்த்து எழுது. அடுத்த பஸ்ஸில் வா.

உன் தங்கை

மே 3

என் அன்புள்ள தங்கைக்கு,

நீ நீடூழி வாழ வேண்டும். உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். எல்லோரும் என்றுதான் எழுதுகிறேன், கவனி.

உன் கடிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு புத்தகங்களை எல்லாம் இறக்கிவிட்டேன். குழல் சரி. இந்தப் பூச்சிகளுக்கு வாய் என்பதே குத்தி உறிஞ்சும் குழல்தான். ஆனால் மற்றவற்றில் அது உள்ளே ஒரு பைக்குள் சுருண்டிருக்கும். வெளியே சுருண்டிருப்பதாக யாரும் எழுதியதில்லை. மூச்சுத் துளைதான் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு ஜோடி இருக்க வேண்டும், மார்பின் அடியில். நீ ஒன்று என்கிறாய், அதுவும் கழுத்தில். கழுத்து என்று நீ சொல்வது தலையும் மார்பும் சேரும் இடம் என்று எடுத்துக்கொள்கிறேன். மறுபடி பார். ஒன்றுதானா? கால் இருக்கிறதா? மயிர் எத்தனை, எங்கே?

ஒன்றுதான் என்றால், இது புதிய இனம் மட்டும் இல்லை, தனிப் பேரினம். இனி யாரும் என்னை ஆர்வலர் என்று எழுத முடியாது.

ஆனால் பேரம் பேசாதே. பெயர்த்தால் சாகும் என்கிறாய். சாகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லைடு போட முடியாது. அனுப்பு. நான் வருவதற்கு என்ன நிபந்தனை என்று முன்பே எழுதிவிட்டேன்.

உன் அண்ணன்

மே 30

அண்ணனுக்கு,

நலம் விசாரித்ததற்கு இவர் சந்தோஷப்பட்டார்.

துளை ஒன்றுதான். தினம் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். கால் இருக்கிறது, நடப்பதில்லை. மயிர் இருந்தது, மருந்து பட்டு உதிர்ந்துவிட்டது.

இது ரொம்ப நாள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நிபந்தனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சீக்கிரம் வா.

உன் தங்கை

ஜூன் 16

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அன்றைக்கு டீச்சர் முன்னால் நான் பேசியது தப்பு. திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைக் கேலி செய்தேன்.

நீங்கள் உடனே ஒரு நடை வர வேண்டும். வேறு எதையும் எழுதக் கூடாது என்று உங்கள் தங்கை என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் எழுதவில்லை. பஸ் நிலையத்துக்கு நான் வந்து நிற்கிறேன். எந்த பஸ் என்று மட்டும் சொல்லுங்கள். எல்லா பஸ்ஸுக்கும் வந்து நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன்.

தங்கள் மாப்பிள்ளை

ஜூன் 25

மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் நலனுக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. டீச்சரை முன்னால் வைத்துக்கொண்டு உரக்கச் சொன்ன சொல்லை, யாரும் பார்க்காமல் உறைக்குள் போட்டு ஒட்டித் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்கள். டீச்சருக்கு இது தெரியுமா? எந்த இடத்தில் சொன்னீர்களோ அந்த இடத்தில் சொல்லுங்கள். பிறகு நான் பஸ்ஸைப் பார்க்கிறேன்.

இது அவள் சொல்லி நீங்கள் எழுதியது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. சத்தியம், ரகசியம் என்று இரண்டு பேரும் சேர்ந்து என்னை இழுத்துப் பார்க்கிறீர்கள். சின்ன வயதிலும் அவள் இப்படித்தான். என் பென்சிலை ஒளித்து வைத்துக்கொண்டு, விளையாட வந்தால்தான் தருவேன் என்பாள். நான் பென்சில் இல்லாமலே பள்ளிக்கூடம் போனேன்.

அவள் எழுதியதை வைத்துப் பெண் பூச்சி பற்றிய பகுதியை எழுதிக் காப்பகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. அந்த அம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. உண்மையானால் பெரிய விஷயம், ஆனால் ஸ்லைடைப் பார்க்காமல் அச்சுக்குப் போகாது என்கிறார். என் தங்கை பார்த்தால் நான் பார்த்த மாதிரி என்று சூடாகவே பதில் எழுதினேன். ஆகவே நேரத்தை வீணாக்காமல், பெயர்க்க மனம் இல்லையென்றால், செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு நீங்களே இங்கே வாருங்கள். உங்களை வாசலில் நிறுத்த மாட்டேன். டீயும் உண்டு.

அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்

ஆகஸ்ட் 11

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கை போன வாரம் இறந்துவிட்டாள். உங்களுக்குத் தந்தி மாதிரி ஏதாவது அனுப்பச் சொன்னார்கள். "எல்லாம் முடிஞ்சப்புறம் எழுதுங்க, வந்து சண்ட போடுவான்" என்று அவளே முன்பு சிலேட்டில் எழுதியிருந்ததால் பொறுத்தேன். இனி சத்தியம் இல்லை. எழுதுகிறேன்.

தொண்டையில் புற்று. பிப்ரவரியில் பரிசோதனை முடிவு வந்தது. மார்ச்சில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளை போட்டு மூச்சு, மூக்கு வழியாகக் குழல் விட்டுச் சாப்பாடு. பேச்சு போய்விட்டது. அதன் பிறகு சிலேட்டுதான்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் மண் தொட்டி எதுவும் பக்கத்தில் கூடாது என்றார்கள். எலுமிச்சையைக் கீழ்வீட்டு டீச்சரிடம் கொடுத்தோம். டீச்சர் நம் வீட்டில் நோய் என்று தெரிந்து, நல்ல மனதோடு, செடியை ஒவ்வொரு இலையாக சோப்புத் தண்ணீரில் துடைத்து வைத்துவிட்டார்கள். உங்கள் மார்ச் கடிதத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கீழே அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். செடியில் ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பேசாமல் என்று பழக்கத்தில் எழுதுகிறேன்.

பிறகு என் ஷேவிங் கண்ணாடியைக் கேட்டாள். கழுத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லி, பார்த்துப் பார்த்து உங்களுக்கு எழுதினாள். "என்னடி இது, அவரு நெசம்னு நெனச்சுக்க மாட்டாரா?" என்றேன். சிலேட்டில் எழுதினாள்: "நெசந்தான். பாத்துத்தான் எழுதுறேன்." "இருக்கிறத அப்படியே சொன்னா ஓடி வந்துருவாரே" என்றேன். "சீக்காளியப் பாக்க யாரு வேணா வருவாங்க. நான் கூப்பிட்டதுக்காக அவன் ஒரு தரம் வரணும்" என்று எழுதினாள். மே மாதக் கடிதத்தோடு காகிதத்தில் எழுதக் கை ஓய்ந்துவிட்டது. சிலேட்டில் ஓரிரு வரிதான்.

உங்கள் ஜூன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம் இல்லாத சிரிப்பு. சிலேட்டை வாங்கி, "தொட்டிய எடுங்க. நான் அதுல உக்காந்துக்கிறேன், தூக்கிட்டுப் போங்க" என்று எழுதினாள்.

அன்றைக்கே கீழே போய், டீச்சரை நிற்க வைத்து, மச்சானைப் பற்றி நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. மறுநாள் உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது அவளை மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியதாகிவிட்டது. எழுதாதது என் பிழை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மச்சான்.

தங்கள் மாப்பிள்ளை

செப்டம்பர் 20

பூச்சிக் காப்பகத்து ஆய்வாளர் அம்மையாருக்கு,

தாங்களும் தங்களோடு பணிபுரிவோரும் நலமென்று நம்புகிறேன். ஸ்லைடு கேட்டுத் தாங்கள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இது பதில்.

என் கட்டுரையில் பெண் பூச்சி பற்றிய பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். கீழ்க்காணும் வரிகளை அடித்துவிட வேண்டும். "மூச்சுத் துளை ஒன்று, தலையும் மார்பும் சேருமிடத்தில், முன்பக்கம், வட்டம், வெண்ணிற விளிம்புடையது." இது பூச்சியில் இல்லை. "விளிம்பிலிருந்து இருபுறமும் பட்டை பின்னோக்கிச் செல்கிறது." இல்லை. "உணவுக் குழலின் மிகுதி உடலுக்கு வெளியே சுருண்டது." இல்லை. "கால்கள் உண்டு, நடக்கப் பயன்படுவதில்லை. மயிர் உதிரும் இயல்புடையது." இவையும் இல்லை.

இவை என் தங்கையின் உறுப்புகள். நோயில் படுத்திருந்தபோது அவள் எழுதியதைப் பூச்சி என்று எடுத்துக்கொண்டு தங்களுக்கு அனுப்பினேன். ஆகஸ்டு மாதம் இறந்துவிட்டாள். ஸ்லைடைப் பார்க்காமல் நம்ப முடியவில்லை என்று தாங்கள் எழுதியது சரி. அதற்கு நான் எழுதிய சூடான பதிலையும் இதோடு திரும்பப் பெறுகிறேன்.

செடியில் ஒன்றுமில்லை என்று பிறர் சொன்னதை வைத்து இதை எழுதவில்லை. நானே போனேன். மாப்பிள்ளை பஸ் நிலையத்தில் நின்றிருந்தார். "சொல்லியிருக்கணும்" என்றேன். "ஆமா மச்சான்" என்றார். "நீங்க வந்திருக்கணும்" என்று அவர் திருப்பிச் சொல்லியிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது; வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். அவர் சொல்லவில்லை. என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

எலுமிச்சைச் செடி கீழ்வீட்டில் இருக்கிறது. காலை வெளிச்சத்தில் கிளை கிளையாக, கவடு கவடாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓடு இல்லை, ஓடு இருந்த தடம்கூட இல்லை. அந்த வீட்டு டீச்சர் பக்கத்தில் நின்று, "எலயெல்லாம் எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க. ஒரு பூச்சி விடல சார்" என்றார். "நல்லா வச்சிருக்கீங்க" என்றேன். அந்தப் பூச்சிக்கு அந்த ஊரில் அது ஒன்றுதான் செடி என்று நான் நினைக்கவில்லை. வேறு எங்காவது இருக்கும். இனி நான் தேடப் போவதில்லை. தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

ஆண் பூச்சி பற்றிய பகுதியில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். ஒன்பது துண்டு, நான்கு கண், வாய் இல்லை. அதில் பிழை கிடையாது. பெண் இல்லாமல் இனத்தை ஏற்க முடியாது என்பது தங்கள் விதி. அந்த விதிப்படி இதை இதழில் சேர்க்க முடியாது என்றால், இதோடு அனுப்பும் ஆண் பூச்சியின் ஸ்லைடையும் பாட்டிலையும், கட்டுரையையும் தங்கள் அலமாரியிலேயே ஒன்றாக வைத்துவிடுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும். அடித்த வரிகள் இருந்த இடத்தைச் சும்மா விடக் கூடாது. பெண் கிடைக்காத இனங்களுக்கு "பெண்: அறியப்படவில்லை" என்று போடுவது தங்கள் வழக்கம் என்று பழைய இதழ்களில் பார்த்திருக்கிறேன். என் கட்டுரையில் அப்படிப் போடாதீர்கள். அது உண்மை இல்லை. இருக்கும் இடம் எனக்குத் தெரியும். வந்து பார் என்று அவளிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. போய்வர பஸ் இருந்தது.

"பெண்: ஆசிரியர் பார்க்கவில்லை" என்று போடுங்கள். வேறு எப்படிப் போட்டாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
கட்டுரையாசிரியர்